ஹோட்டன் சமவெளியில் பூ பார்க்கப் போவது எப்படி: கொழும்பிலிருந்து முதல்முறை கிளம்புவோருக்கு

கொழும்பிலிருந்து ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் 'உலக முடிவு' (World's End) என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, 10 மணிக்கெல்லாம் வான் வண்டியில் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். பூவும் செடியும் பார்க்கப் போகிறவருக்கு அந்தத் திட்டம் உதவாது. நேரம் வேறு, நடக்கும் வேகம் வேறு, பைக்குள் வைக்கும் சாமானும் வேறு. யாரைக் கேட்டாலும் "விடிய வெள்ளனப் போங்கோ, பிறகு மேகம் மூடிடும்" என்பார்கள், அதோடு சரி. எந்த மாதம் போவது, எந்தப் பாதையில் நடப்பது, கண்ணில் படுவதில் எது நம் மலையின் செடி, எது வெளியில் இருந்து வந்து பரவியது என்று கேட்டால் தமிழில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். பலரையும் கேட்டு, வாசலில் நின்ற காவலர்களை நச்சரித்து, போய்ப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

எங்கள் மலையில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனாலும் சிவப்புப் பூ பூக்கும் மகா ரத்மல் மரத்தை, அதாவது இலங்கையின் ரோடோடென்ட்ரானை, மார்ச்சிலிருந்து மே வரை நம்பிப் போகலாம். அந்த மூன்று மாதத்திலும் எல்லா வாரமும் ஒன்றல்ல. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, காலையில் வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரலில் பிற்பகல் இடியோடு கூடிய மழை தொடங்கிவிடும். மே கடைசிக்குள் தென்மேல் பருவக்காற்று வந்துவிட்டால் மேட்டில் நிற்கவே முடியாது, படம் எடுப்பதை விடுங்கள்.

ஆகவே என் கணக்கில் நல்ல காலம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. அதைத் தாண்டினால் சித்திரைப் புத்தாண்டு வந்துவிடும். நுவரெலியாவில் அப்போது 'சீசன்', அறை வாடகை கண்ட மாதிரி ஏறும், பட்டிப்பொல வாசலில் வாகன வரிசை நீளும். போயா தினங்களும் நீண்ட வார இறுதிகளும் அதே கதைதான். அலுவலகத்தில் ஒரு செவ்வாய், புதன் பார்த்து லீவு எடுங்கள்.

2. ஆவணங்கள், கட்டணம்

தேசிய அடையாள அட்டை கட்டாயம். உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டவர் கட்டணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் வீடுகளில் பிரச்சினை வருவது இங்கேதான். கனடாவில் இருந்து வந்த மச்சானும் லண்டன் சித்தியும் "நானும் வெள்ளவத்தையில் பிறந்தவன்தானே" என்று சொல்லி உள்ளூர் டிக்கெட்டில் போய்விடலாம் என்று நினைப்பார்கள். வாசலில் பேச்சு எடுபடாது, கையில் இருக்கும் அட்டைதான் பேசும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவு டொலர் கணக்கில், ஆளுக்கு ஏறத்தாழ 25 டொலர், அதன் மேல் சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், எல்லாவற்றுக்கும் சேர்த்து வற் வரி. மூன்று நான்கு விருந்தாளிகளோடு போனால் அன்றைய செலவில் பெரும்பங்கு அதுவாகிவிடும். வானில் ஏறுவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், வாசலில் வைத்துச் சங்கடப்பட வேண்டாம்.

உள்ளூர்க்காரருக்கு நுழைவு சொற்பம். உங்களுக்குப் பெரிய செலவு வாகனமும் தங்குமிடமும்தான், அதனால் நான்கு ஐந்து பேராகச் சேர்ந்து போவது லாபம். (பூ பார்க்க ஐந்து பேருக்கு மேல் போனால் யாராவது ஒருவர் எப்போதும் பசியில் இருப்பார், அது வேறு விஷயம்.) காசை நோட்டாகவே கொண்டு போங்கள். விடியற்காலை 5 மணிக்கு நுவரெலியாவில் காசு இயந்திரம் தேடித் திரிவது வீண் வேலை.

3. எப்படிப் போவது

சமவெளிக்கு இரண்டு வாசல்: நுவரெலியாப் பக்கம் பட்டிப்பொல, அப்புத்தளைப் பக்கம் ஒஹிய. இரண்டு வழியும் பார் இன் வாகனத் தரிப்பிடத்தில் வந்து சேரும், நடை அங்கேதான் தொடங்குகிறது.

வானில் போவதானால் கொழும்பிலிருந்து அவிசாவளை, ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஐந்து ஆறு மணித்தியாலம். முதல் நாள் மாலைக்குள் போய்ச் சேர்ந்து, அங்கே தூங்கி, விடிய 4.45க்கு வெளிக்கிடுங்கள். நுவரெலியாவில் இருந்து பார் இன் 32 கிலோமீற்றர்தான், ஆனால் கடைசிப் பகுதி வளைவும் ஏற்றமும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஒரே இரவில் கொழும்பிலிருந்து ஓடிப்போய், நடந்து, அன்றே திரும்புகிற திட்டத்தைச் சிலர் சொல்வார்கள். சாரதியும் மனிதர்தான், தூக்கக் கலக்கத்தில் கினிகத்தேனை வளைவுகளில் இறங்க வேண்டாம்.

ரயில் என்றால் கோட்டையில் ஏறி பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ இறங்கலாம். இரவு ரயில் ஓடுகிற காலமானால் விடியற்காலையில் கொண்டுபோய் விடும். ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன்பே திறக்கும், மலையகப் பாதையில் ஆசனங்கள் உடனே காலியாகிவிடும், ஆகவே அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதியும்போது அடையாள அட்டை இலக்கம் கேட்கும், பயணத்திலும் அதே அட்டை கையில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் சேவை நின்றுவிடும், முதல் நாளே நிலையத்துக்கு அழைத்துக் கேளுங்கள். ஒஹியவில் இறங்கினால் சமவெளிக்கு இன்னும் 11 கிலோமீற்றர் ஏற்றம், ஓட்டோ பிடிக்க வேண்டும். விடியற்காலை அங்கே வரிசையாக ஓட்டோ நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், தங்குமிடக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, காத்திருந்து திரும்பக் கூட்டிவருவதற்கும் சேர்த்து விலை பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பேசிய ஒருவர் 'வெயிட்டிங்' என்று மணிக்கணக்கில் தனியாகக் காசு கேட்டார். பூ பார்ப்பவர்கள் ஆறு மணித்தியாலம் எடுப்பார்கள், அதையும் சொல்லித்தான் பேச வேண்டும்.

4. பைக்குள் என்ன

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல். விடியும்போது விரல் விறைக்கும், 9 மணிக்கு வெயில் சுடும், இரண்டும் ஒரே காலையில். ஒரு தடித்த ஜம்பரை விட மெல்லிய உடுப்பு மூன்று அடுக்கு நல்லது. கொழும்பில் குளிருடுப்பு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், நுவரெலியா பேல் பஜாரில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் கடைகள் திறந்திருக்கும் நேரத்துக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும்.

சாப்பாடுதான் பலர் மாட்டும் இடம். பாதை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் எதுவும் உள்ளே போகாது, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக் கூட உரித்துவிட்டுத்தான் தருவார்கள். லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சல், பிஸ்கட் பக்கெற், கச்சான் பை எல்லாம் அங்கே பிரிக்கப்படும். உங்களுக்குப் பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது ரொட்டியையும் சம்பலையும் காகிதப் பைக்கு மாற்றிக்கொண்டிருப்பது அழகான காட்சியில்லை. டிபன் பெட்டியில் இடியப்பமோ பாணோ வைத்து, தண்ணீரை எவர்சில்வர் போத்தலில் கொண்டுபோனால் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடலாம்.

அப்புறம், இரண்டு சின்னப் பொருள்: 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று, முழங்காலுக்குக் கீழே போட ஒரு பழைய துணி. இந்தச் சமவெளியின் நல்ல பூக்கள் பல கணுக்கால் உயரம் கூட இல்லை.

5. முடிந்தால் முதல் நாள் ஹக்கலைக்குப் போங்கள்

நுவரெலியாவில் இருந்து பதுளை வீதியில் 10 கிலோமீற்றர் போனால் ஹக்கலை தாவரவியல் பூங்கா. 1861இல் சின்கோனா என்ற மருந்து மரத்தைப் பயிரிடத் தொடங்கிய இடம். ரோஜாத் தோட்டத்தைத் தாண்டி மரங்களின் பக்கம் போங்கள், பெயர்ப்பலகை இருப்பவற்றில் மலைச் செடிகளை மட்டும் பார்த்து, இலையின் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பெயர்ப்பலகை இல்லாத இடத்தில் நிற்கும்போது இந்தப் படங்கள்தான் துணை.

6. எங்கே, எதைப் பார்ப்பது

வாசல் 6 மணிக்குத் திறக்கும். வழக்கமான சுற்று 9 கிலோமீற்றர் சொச்சம்: சிம்னி குளம், சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி, திரும்பவும் பார் இன். மூன்று நான்கு மணித்தியாலத்தில் முடிக்கலாம். நீங்கள் ஆறு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

உலக முடிவில் 9, 10 மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிடும் என்பது உண்மைதான். அதற்காக ஓடினால் வழியில் உள்ளதெல்லாம் போச்சு. அந்த விளிம்பும் வேண்டும் என்றால் முதலில் நேரே அங்கே போய்ப் பார்த்துவிட்டு, வந்த கூட்டத்தைப் போகவிட்டு, அங்கிருந்து மெதுவாகப் பூவைப் பார்த்துக்கொண்டு திரும்புங்கள். பூவுக்கு அது ஒன்றும் நட்டமில்லை, திறந்த புல்வெளிப் பூக்களில் பல வெயில் ஏறிய பிறகுதான் விரிகின்றன.

*மகா ரத்மல்.* இதற்குப் பாதையில் இறங்கவே தேவையில்லை, பட்டிப்பொல வாசலைத் தாண்டியதும் வீதியோரப் புல்வெளியில் தனித்தனியாக முறுக்கிக்கொண்டு நிற்கும். தடித்த, வெடித்த பட்டை. கிளை நுனியில் கொத்தாக இரத்தச் சிவப்பில் மணி வடிவப் பூ. பூ இல்லாத காலத்தில் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: மேலே கரும்பச்சை, சுருக்கம் சுருக்கமாக, கீழே மங்கல் பழுப்பில் மெத்தென்று ரோமம். இமயமலையில் உள்ள அதே இனத்தின் இலங்கைக்கே உரிய கிளையினம் இது. காலமும் கால் வலுவும் இருந்தால் அதே பக்கம் தொட்டுபொல மலைக்கு ஒரு குறும்பாதை போகிறது. 2,357 மீற்றர் உயரம், நாட்டின் மூன்றாவது உயர்ந்த சிகரம், ஆனால் தொடங்குவதே உயரத்தில் என்பதால் ஏற்றம் கொஞ்சம்தான். கூட்டம் அங்கே வருவதில்லை. எனக்குப் பிரதான சுற்றை விட இந்தப் பாதைதான் பிடித்தது.

*புல்வெளி.* சிங்களத்தில் பத்தன என்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வெறும் புல். பாதையோரம் ஈரம் கசியும் இடமாகப் பார்த்துத் துணியைப் போட்டு முழங்காலில் இருங்கள். புல்லுக்கு நடுவே சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளைத் தலைகள் நிமிர்ந்து நிற்கும், அது எரியோகோலன். அதன் அடியில் மண்ணை ஒட்டிப் பார்த்தால், பிறைவடிவ இலையில் சிவந்த மயிர்களும் ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு பசைத் துளியுமாக ஒரு செடி இருக்கலாம். அது பூச்சி தின்னும் ட்ரோசீரா. கைவில்லையை வைத்துப் பாருங்கள், மாட்டிக்கொண்ட ஈயின் கால் கூடத் தெரியும். விரலால் தொட்டுச் சோதிக்க வேண்டாம், மயிர் மடங்கி மறுபடி நிமிரச் செடிக்கு வீண் செலவு. இன்னும் அதிர்ஷ்டம் இருந்தால் நெற்றிப்பொட்டளவு நீலத்தில் ஜென்சியன். இது வெயில் மறைந்தால் மூடிக்கொள்ளும், மேகம் வந்த நேரத்தில் தேடினால் கண்ணில் படாது.

*நீரோடை.* சிம்னி குளத்திலும் பேக்கர் நீர்வீழ்ச்சியிலும் ஓடுவது பெலிஹுல் ஓயா. கரையில் புதர் மாதிரி அடர்ந்து நிற்கும் குட்டை மூங்கிலைப் பார்க்கலாம். தேங்கிய தண்ணீரில் மிதக்கும் நீண்ட இலைகள் இருந்தால் நின்று பாருங்கள், அப்போனோஜெட்டன் என்ற நீர்ச்செடியில் இலங்கைக்கே உரிய ஒரு வகை இங்கே வளர்கிறது. நிழலும் ஈரமும் உள்ள இடங்களில் காசித்தும்பைக் குடும்பத்துக் காட்டு வகைகள் இருக்கும். பூவின் பின்னால் மெல்லிய வால் நீண்டிருந்தால் அதுதான். மகாவலியும் களனியும் வளவையும் தலையெடுக்கிற மலை இது. கொழும்பில் குழாயைத் திறந்தால் வருவதில் கொஞ்சம் இந்தப் புற்களுக்கு ஊடாகக் கசிந்து வந்தது.

*காடு.* உலக முடிவை நெருங்கும்போது பாதை காட்டுக்குள் நுழையும். குடை விரித்த மாதிரி மேல் தட்டையாக நிற்பவற்றில் அநேகம் கீன மரம். தடித்த சின்ன இலை, தளிர் சிவப்பாக இருக்கும், சிலர் தூரத்தில் அதைப் பூ என்றே நினைத்துவிடுவார்கள். கிளைகளில் தொங்கும் சாம்பல் நிறத் தாடி ஒரு லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வது), மரத்துக்கு வந்த நோயல்ல. ஆனால் சில இடங்களில் மரங்களே கூட்டமாகப் பட்டுப்போய் வெள்ளையாக நிற்பதையும் பார்ப்பீர்கள். அது தீ பிடித்ததால் அல்ல, இந்தக் காட்டில் நெடுங்காலமாகத் தொடர்கிற ஒரு பிரச்சினை, ஆராய்ச்சிக்காரர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள்.

மரங்களுக்குக் கீழே இடுப்பளவில் ஒரே மாதிரிச் செடி நெருக்கமாக நின்று, தண்டில் கணுக்கணுவாக வீங்கியிருந்தால் அது நெலு. நீலக்குறிஞ்சியின் நெருங்கிய சொந்தம். ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து பூத்து, விதைத்து, காய்ந்துவிடும். 2013இல் சமவெளியில் அப்படிப் பூத்தபோது நாடே திரண்டு போனது. இதில் பல இனங்கள் உண்டு. ஆகவே இடையில் ஒன்றிரண்டு செடி பூத்திருப்பதைப் பார்த்து, நெலு வருடம் வந்துவிட்டது என்று எல்லாருக்கும் போன் போட வேண்டாம்.

*ஊதாவும் இளஞ்சிவப்பும்.* பாதையோரப் புதர்களில் புதியவர்கள் குழம்புவது போவிட்டியாவிலும் ரோடோமிர்ட்டஸிலும். இரண்டின் இலையிலும் நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை நீளமாக ஓடும். பூவைப் பாருங்கள்: நடுவில் இளஞ்சிவப்பு மகரந்தத் தாள்கள் ஏராளமாகப் பொங்கி நின்றால், இலையின் அடிப்பக்கமும் வெளுத்த வெல்வெட்டாக இருந்தால், ரோடோமிர்ட்டஸ். தாள்கள் எண்ணக்கூடிய அளவில் மஞ்சளாக வளைந்திருந்தால் போவிட்டியா.

7. ஏமாற்றும் அழகிகள்

கண்ணைப் பறிக்கும் பூ எல்லாம் நம் மலையின் பூ அல்ல. சொல்லப்போனால் சமவெளியில் தூரத்திலேயே தெரிகிற இரண்டும் வந்தேறிகள்.

ஒன்று, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் முட்புதர், யூலெக்ஸ். ஐரோப்பாவில் இருந்து வந்தது. கிட்டப் போய் முகர்ந்தால் தேங்காய் மணம் வரும், ஆனால் காலை வைத்தால் முள் விடாது. இதைப் பிடுங்கி எறிவதே அங்கே ஒரு வேலையாக நடக்கிறது.

இரண்டாவது இன்னும் தந்திரமானது: நீல நட்சத்திரப் பூவோடு புல் மாதிரி நிற்கும் அரிஸ்டியா. தென்னாபிரிக்காக்காரி. பலர் இதைப் படம் எடுத்து 'பினர மல்' என்று போடுகிறார்கள். பினர எங்கள் மலைச் செடி, ஊதா நீலம், பூத்துக் குலுங்கும் மாதம் செப்டெம்பர் பக்கம். வித்தியாசம் சுலபம். அரிஸ்டியாவுக்கு ஆறு இதழ், வாள் போன்ற இலைகள் விசிறியாக நிலத்திலிருந்து எழும். பினரவுக்கு வழக்கமாக ஐந்து இதழ், நடுவில் தடித்த மஞ்சள் தாள்கள், தண்டில் இலைகள் எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் மூன்று நரம்பு. இதழை எண்ணிவிட்டுப் பெயர் வையுங்கள்.

நுவரெலியாவிலிருந்து வரும் வீதியோரத்தில் தெரியும் யூக்கலிப்டஸ், வேலிச் சுவரில் தொங்கும் வெள்ளை டெய்சி, ஓடையோரத்து வெள்ளை ஆரம் லில்லி, இவை எதற்காகவும் வானை நிறுத்த வேண்டியதில்லை.

8. பெயர் கண்டுபிடிப்பது

கூகுள் லென்ஸை நம்பிப் போகாதீர்கள். இலங்கைக்கே உரிய செடியைக் காட்டினால் அது ஏதோ வெளிநாட்டுத் தோட்டச்செடியின் பெயரை அடித்துச் சொல்லும், அதுவும் சிக்னல் கிடைத்தால். மேலே சிக்னல் பல இடத்தில் இல்லை. செடி, உயிரினப் படங்களுக்குப் பெயர் கேட்கும் செயலியான ஐநேச்சுரலிஸ்ட் பரவாயில்லை: படத்தை எடுத்து வைத்து இரவில் ஏற்றினால், தெரிந்தவர்கள் யாராவது வந்து திருத்துவார்கள். ஆனால் பூவை மட்டும் எடுத்த படத்தை வைத்து அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு செடிக்கு நாலு படம் எடுங்கள்: முழுச்செடி, பூவின் முகம், பூவின் பக்கவாட்டு, இலையின் இரு பக்கமும் தண்டும். பக்கத்தில் பேனையை வைத்து அளவும் காட்டுங்கள்.

காவலர்களிடம் தயங்காமல் கேளுங்கள். அநேகமாகச் சிங்களத்தில்தான் பேசுவார்கள், செடிகளின் சிங்களப் பெயரும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேலே மகா ரத்மல், கீன, நெலு, பினர, போவிட்டியா என்று எழுதியிருப்பது அதனால்தான், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள். "இது பூத்திருக்கிறதா, எந்தப் பக்கம்" என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

9. செய்யக் கூடாதவை

இது தேசியப் பூங்கா. ஒரு பூவைப் பறித்தாலும், ஓர்க்கிட் கிழங்கு ஒன்றைக் கிண்டி எடுத்தாலும், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். விதைக்கும் அதே விதி. "அம்மாவின் பூச்சட்டிக்கு ஒரு சின்னக் கிளை" என்ற கதை எடுபடாது, எடுபட்டாலும் வெள்ளவத்தை வெக்கையில் அது பிழைக்காது.

பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள். பச்சையாகத் தெரியும் இடம் பல இடங்களில் சேறு, முழங்கால் வரை போகும், போகிற வழியில் நீங்கள் தேடி வந்த பூவையே மிதிப்பீர்கள். உலக முடிவில் விளிம்பைத் தாண்டி நிற்கும் செடிக்காகக் குனிய வேண்டாம், கீழே 800 மீற்றருக்கு மேல் ஒன்றும் இல்லை. தரிப்பிடத்தில் பக்கத்தில் வந்து நிற்கும் மரைக்கு பாண் கொடுக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் காட்டுப்பாதையில் அட்டை இருக்கலாம், காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

10. திரும்புவது, அடுத்த முறை

பிற்பகல் 1 மணிக்கு முன் பார் இன்னுக்கு வந்து சேருகிற மாதிரி நடையை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் மழை வருவதே அதற்குப் பிறகுதான், இறங்கும் வழியில் பனிமூட்டம் பிடித்தால் சாரதிக்கு முன்னால் போகும் வாகனத்தின் விளக்கே தெரியாது.

பினர பார்க்க ஆசை இருந்தால் அதற்குத் தனியாகச் செப்டெம்பரில் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அப்போது காற்றும் தூறலும் இருக்கும். குடை அங்கே நிற்காது, மழைக்கோட்டு கொண்டு போங்கள். ரயில் ஆசனத்தை ஓகஸ்ட்டிலேயே பதிந்துவிடுங்கள்.